சொன்னவன் தோற்றவனா?

உன் வீட்டுக் குக்கர் மூடியைக் கையில் எடு. உள்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். கேஸ்கெட். அது ஒழுங்காக வேலை செய்கிறவரை வீட்டில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் தளர்ந்துபோகும். விசில் வராது, பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி போகும், பருப்புத் தண்ணீர் அடுப்பெல்லாம் வழியும். அம்மா அதைக் கழற்றி ஃப்ரீசரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து மறுபடி மாட்டுவார். குளிர்ந்தால் ரப்பர் இறுகும் என்று அவருக்குத் தெரியும். எந்த இன்ஜினியரிங் கல்லூரிக்கும் அவர் போனதில்லை.

குளிர்ந்தால் ரப்பர் இறுகும். இந்த ஒரு வரியை உரிய இடத்தில், உரிய நேரத்தில், உரத்த குரலில் சொன்ன ஒரு மனிதர் அதற்குப் பிறகு முப்பது வருஷம் தனக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக வெந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இவர் சொன்னவர்! சொன்னது எடுபடவில்லையே என்று வெந்தவர்.

பெயர் பாப் எப்லிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், விண்வெளி ஓடத்துக்கு பூஸ்டர் ராக்கெட் செய்து கொடுத்த மார்ட்டன் தியோகால் கம்பெனியின் இன்ஜினியர்.

தன்னம்பிக்கைக் கட்டுரை என்றால் கடைசி பாராவில் யாராவது ஜெயித்தாக வேண்டும், கோப்பை வாங்க வேண்டும், குறைந்தபட்சம் கார் வாங்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. நானும் அந்தச் சட்டப்படி நிறைய எழுதித் தள்ளியிருக்கிறேன், மறுக்கவில்லை. இன்று அதை உடைக்கப்போகிறேன். ஏனென்றால் நாளைக் காலையில் நீ வேலைக்குப் போகிற இடத்தில் உனக்காக யாரும் கோப்பையோடு காத்திருக்கப்போவதில்லை. அங்கே ஒரு மீட்டிங் இருக்கும். உனக்குத் தெரிந்த ஓர் உண்மை இருக்கும். அதைக் கேட்கப் பிடிக்காத நாலு பேர் இருப்பார்கள். அந்த அறைக்குள் நீ எப்படி உட்காரப்போகிறாய் என்பதுதான் எனக்குக் கவலை.

முதலில் அந்த வளையத்தைப் பார்த்துவிடுவோம். அந்நாளில் விண்வெளி ஓடம் கிளம்பும்போது இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைத் தூண்கள் நெருப்பைக் கக்குமே, அவைதான் பூஸ்டர்கள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் உயரம், உள்ளே சுமார் 500 டன் திட எரிபொருள். இவ்வளவு பெரிய குழாயை முழுசாக எங்கேயும் எடுத்துப்போக முடியாது. யூட்டாவில் புரோமண்டரி என்கிற வறண்ட பொட்டலில் துண்டு துண்டாகச் செய்து, ரயிலில் ஏற்றி, ஃபுளோரிடாவில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்கிய இடமெல்லாம் மூட்டு. மூட்டு இருந்தால் கசியும், பைப் வேலை பார்க்கிற எந்த அண்ணனை வேண்டுமானாலும் கேள். கசியாமல் இருக்க ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்பார்கள். பருமன் 7 மில்லிமீட்டர், சுற்றளவு 11 மீட்டருக்கும் மேல்.

பற்றவைத்த கணத்தில் உள்ளே அழுத்தம் எகிறும். எஃகுச் சுவர் லேசாக உப்பும். மூட்டு ஒரு நொடியின் சிறு பங்கில் வாய் திறக்கும். அந்த இடைவெளியை ரப்பர் துள்ளி வந்து அடைத்தாக வேண்டும். தாமதித்தால் இரும்பையே உருக்குகிற வாயு வெளியே வந்துவிடும். தியோகால்காரர்கள் இதைச் சோதித்தார்கள். 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் ரப்பர் சுவரை விட்டு விலகவே இல்லை. 24 டிகிரியில் 2.4 நொடி விலகியிருந்தது. 10 டிகிரியில்? பத்து நிமிஷம் காத்திருந்து பார்த்தார்கள். திரும்பி வரவே இல்லை. சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

இது ஊகமோ ஜோசியமோ இல்லை. 1985 ஜனவரியில் குளிர்காலத்தில் பறந்துவந்த ஓர் ஓடத்தின் பூஸ்டரைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு வளையங்களுக்கு நடுவே கன்னங்கரேலென்று கரி படிந்திருந்தது. முதல் வளையத்தைத் தாண்டி வாயு உள்ளே புகுந்த தடம் அது. அந்த ஜூலையிலேயே எப்லிங்கின் சகா ரோஜர் பாய்ஜாலி, இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர்கள் போகும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அக்டோபர் 1 அன்று எப்லிங் எழுதினார்.

அந்தக் குறிப்பின் முதல் வார்த்தையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ‘ஹெல்ப்!’ ஆச்சரியக்குறியோடு. ஓ-ரிங் கோளாறைப் பார்க்க அமைத்த குழுவின் வேலைக்கு எல்லா வழியிலும் முட்டுக்கட்டை விழுகிறது என்று எழுதினார். இது ஒரு சிவப்புக் கொடி என்று முடித்தார்.

நாம் எப்படி எழுதுவோம்? ‘தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்று தொடங்கி, யாதெனில் யாதெனில் என்று இரண்டு பக்கம் இழுத்து, ஆபத்தை மூன்றாவது பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்து, ‘ஆவன செய்யுமாறு’ என்று கும்பிட்டு முடிப்போம். படிக்கிறவர் ஆவன செய்ய மாட்டார், கோப்பில் செருகுவார். வீடு பற்றி எரியும்போது யாராவது ‘பணிவுடன்’ என்று ஆரம்பிப்பார்களா? தீ என்றால் தீ என்று எழுது! உன் படிப்பு, உன் வேலை, உன் இத்தனை வருஷ அனுபவம் எல்லாம் சேர்ந்து உனக்கு ஒரு வார்த்தையைக் கொடுத்திருக்கிறது. அதைக் கழுவித் துடைத்துப் பவுடர் போட்டு அனுப்பாதே.

1986 ஜனவரி 27. மறுநாள் காலை சேலஞ்சர் என்கிற விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். ஏழு பேர். அதில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்கிற பள்ளி ஆசிரியை, விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப்போகிறவர். ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போட்ட பயணம். ஃபுளோரிடாவில் இரவு உறைநிலைக்கும் கீழே குளிர் இறங்கும் என்று வானிலைச் செய்தி வருகிறது. எப்லிங் ஃபுளோரிடாவில் இருந்த தன் மேலதிகாரி ஆலன் மெக்டொனால்டுக்குப் போன் போடுகிறார். இந்தக் குளிரில் அனுப்பக் கூடாது. அந்த ஒரு போனால்தான் அன்றிரவுக் கூட்டமே கூடியது. யூட்டா, அலபாமா, ஃபுளோரிடா மூன்று இடத்து ஆட்களும் தொலைபேசியில் இணைந்தார்கள்.

தியோகால் இன்ஜினியர்கள் கையில் இருந்த படங்களையும் அட்டவணைகளையும் விரித்து, 12 டிகிரிக்குக் கீழே ஏவக் கூடாது என்றார்கள். (அந்த அட்டவணைகளை இன்னும் தெளிவாகப் போட்டிருக்கலாம் என்று பிற்பாடு சொன்ன பேராசிரியர்கள் உண்டு. சில மணி நேரத்தில், கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடியவர்களை ஏசி அறையில் உட்கார்ந்து குறை சொல்வது சுலபம்.) நாசா தரப்பில் ஒருவர் இந்தப் பரிந்துரை தன்னைத் திகைக்க வைக்கிறது என்றார். இன்னொருவர், அப்படியானால் ஏப்ரலில்தான் ஏவ வேண்டுமா என்று எரிந்து விழுந்தார்.

தியோகால் மேலிடம் ஐந்து நிமிஷம் கேட்டு இணைப்பைத் துண்டித்தது. ஐந்து நிமிஷம் அரை மணி நேரமானது. பாய்ஜாலியும் ஆர்னி தாம்ப்சனும் விடவில்லை. ஒருவர் கரி படிந்த மூட்டின் போட்டோக்களை முன்னே வைத்தார், இன்னொருவர் மேனேஜர்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்கே போய்க் காகிதத்தில் மூட்டை வரைந்து காட்டினார். எதிரே இருந்த முகங்களில் சலனமே இல்லை. பேசிப் பயனில்லை என்று திரும்பிவந்து உட்கார்ந்தார்கள். அப்போது ஒரு மூத்த அதிகாரி, தொழில்நுட்பப் பிரிவின் தலைவராக இருந்த ராபர்ட் லண்டைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொள் என்றார். தொப்பி மாறியது. ஏவலாம் என்று கையெழுத்துப் போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் நில். அன்றிரவு அந்த அறையில் நடந்த ஒரு தந்திரத்தை நீ கற்றுக்கொண்டே தீர வேண்டும், ஏனென்றால் அதையே உன் மீதும் பிரயோகிக்கப்போகிறார்கள். வழக்கமாக, ‘இது பத்திரம் என்று நிரூபி, அப்புறம் ஏவுவோம்’ என்பார்கள். அன்று கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். ‘இது வெடிக்கும் என்று நிரூபி, இல்லையென்றால் ஏவுவோம்.’ இன்னும் வெடிக்காத ஒன்றை வெடிக்கும் என்று எவனால் நூற்றுக்கு நூறு நிரூபிக்க முடியும்? ‘பள்ளிக்கூட வேனுக்கு பிரேக் சரியில்லை’ என்றால், ‘இதுவரை மோதியிருக்கிறதா?’ ‘இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்றால், ‘எல்லாருக்கும் இதைத்தானே கொடுக்கிறோம்?’ கேள்வி இப்படித் திரும்புகிற கணத்தில் உன் நாக்கு ஒட்டிக்கொள்ளும், எனக்குத் தெரியும். ஒட்டிக்கொள்ள விடாதே. ‘நிரூபிக்க வேண்டியது நானில்லை, நீங்கள்’ என்று சொல்லிப் பழகு. கண்ணாடி முன்னால் நின்று பழகு. குளியலறையில் பழகு. எங்கே வேண்டுமானாலும் பழகு!

பேனா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவில் இருந்த மெக்டொனால்டு கையெழுத்துப் போட மறுத்தார். கம்பெனியின் பிரதிநிதியாக அங்கே போடவேண்டியவர் அவர்தான். மாட்டேன் என்றார். யூட்டாவிலிருந்து வேறொருவர் போட்டுத் தொலைநகலில் அனுப்பினார். ஓடம் நிற்கவில்லை, ஆனால் அந்தத் தாளில் மெக்டொனால்டு பெயர் இல்லை.

என் பெயர் இருக்கிற ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்து நான்கு வயதில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். ஒரு சாயங்காலம் ஒரு பெட்டி போல்ட் என் மேஜைக்கு வந்தது. பத்து எடுத்துப் பார்த்ததில் மூன்றில் மரையோரம் மயிரிழை போல வெடிப்பு. லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. சூப்பர்வைசர் தோளில் கை போட்டு, ‘போடுங்க சார், நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்றார். போட்டேன். நீல மை. இன்றுவரை அந்த போல்ட்கள் எங்கே போயின, எதைத் தாங்குகின்றன என்று எனக்குத் தெரியாது. சில வருஷம் முன்பு என் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ‘அப்புறம் அந்த போல்ட்டெல்லாம் என்னப்பா ஆச்சு?’ பதில் சொல்ல முடியவில்லை. எப்லிங்கைப் பற்றி இவ்வளவு ஆவேசமாக நான் எழுதுவதற்கு இதுதான் காரணம். உனக்கு உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீ கேட்டால், இல்லை. அதனால்தான் எப்லிங்கைக் கூட்டி வந்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்து அன்றிரவு எப்லிங் வீட்டுக்குப் போனார். மனைவியிடம், அது வெடிக்கப்போகிறது என்றார். அவ்வளவுதான். அந்த இரவைப் பற்றி அதற்குமேல் விவரிக்க என்ன இருக்கிறது?

காலையில் மகளோடு காரில் அலுவலகம் கிளம்பினார். யூட்டாவின் ஜனவரிக் காலை, வெளியே பனி. காருக்குள் அப்பா முன்னால் இருந்த டாஷ்போர்டைக் கையால் அடிக்கிறார். அடித்துக்கொண்டே, எல்லாரும் சாகப்போகிறார்கள் என்கிறார். மறுபடி அடிக்கிறார். பக்கத்து சீட்டில் மகள்.

நம் ஊர் அப்பாக்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். அலுவலகக் கவலையைப் பிள்ளைகளிடம் காட்டுவது அசிங்கம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ‘என்னப்பா ஒரு மாதிரி இருக்கீங்க?’ ‘ஒண்ணுமில்லம்மா, தலைவலி.’ நல்ல அப்பா என்றால் வலியை மறைப்பவர் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. எப்லிங் மறைக்கவில்லை. முகம் தெரியாத ஏழு பேருக்காகத் தன் அப்பா பதறுவதை அந்த மகள் பார்த்தாள். ஒரு பெண் குழந்தைக்கு அப்பா எழுதிவைக்கிற சொத்தில் இதைவிடப் பெரியதை நான் கண்டதில்லை.

அலுவலகத்தில் ஒரு கூட்ட அறை. பெரிய திரை. எப்லிங், மகள், பாய்ஜாலி, மற்றவர்கள். பற்றவைத்த உடனேயே, தரையிலேயே வெடித்துவிடும் என்றுதான் அவர்கள் பயந்தார்கள். ஏவுதளத்தில் ஐஸ் விழுது விழுதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபுளோரிடா நேரம் 11.38. வெப்பம் 2 டிகிரி. ஓடம் எழும்பியது. கோபுரத்தைத் தாண்டியது. வெடிக்கவில்லை! ஒரு நிமிஷம் ஆனபோது எப்லிங் பாய்ஜாலியிடம், இப்போதுதான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்தேன் என்று கிசுகிசுத்தாராம். பாய்ஜாலி பிற்பாடு சொன்னது இது.

இன்னும் பதிமூன்று நொடி. 73-ஆவது நொடியில், சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில், ஓடம் சிதறியது.

அப்பாவின் உடல் நடுங்குவது மகளுக்குத் தெரிந்தது. பிறகு அவர் வாய்விட்டு அழுதார். பார்த்து அவளும் அழுதாள்.

மூன்று வாரத்தில் எப்லிங்கும் பாய்ஜாலியும் பெயர் சொல்லாமல் வானொலிச் செய்தியாளர்களிடம் பேசி, அன்றிரவு நடந்ததை உலகத்துக்குச் சொன்னார்கள். பிப்ரவரியில் விசாரணைக் குழு முன்னால் இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஒரு துண்டு ஓ-ரிங்கைக் கவ்வியில் நெரித்து, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்து, இறுக்கத்தைத் தளர்த்திக் காட்டினார். ரப்பர் உடனே பழைய உருவத்துக்கு வரவில்லை. உலகமே வாய் பிளந்தது. சரி, பிளக்கட்டும். அதே வரியைத்தான் இரண்டு வாரம் முன்பு யூட்டாவில் தொண்டை கிழியச் சொன்னார்கள். அம்மாவுக்குத் தெரிந்த வரி!

பாய்ஜாலியை அவர் ஊரே ஒதுக்கியது. வேலையை விட்டார், பிறகு ஊர் ஊராகப் போய்ப் பொறியியல் மாணவர்களுக்கு மனசாட்சியைப் பற்றிப் பேசினார், 2012 ஜனவரியில் காலமானார். மெக்டொனால்டைப் பதவி இறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் மறுபடி ஏற்றினார்கள். மூட்டைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. மூன்றாவதாக ஒரு வளையமும், குளிரில் சூடேற்றும் ஏற்பாடும் சேர்த்து, 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி என்கிற இன்னொரு ஓடம் பறந்தது.

எப்லிங்? கம்பெனியை விட்டு விலகினார். மனம் நொறுங்கிப்போனார். நான் இன்னும் பலமாகப் பேசியிருக்க வேண்டும், இன்னும் நல்ல ஆதாரம் காட்டியிருக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் இல்லை, முப்பது வருஷம். 2016-இல், எண்பத்தொன்பது வயதில், அந்த வானொலிச் செய்தியாளர்களில் ஒருவர் மறுபடி வந்தபோது இந்த முறை பெயரோடு பேசினார். அந்த வேலைக்குக் கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது, அது அவர் செய்த தவறு என்றார். மேலே போனதும், ஏன் என்னைப் பிடித்தீர், ஒரு தோற்றவனைத் தேர்ந்தெடுத்துவிட்டீரே என்று கேட்கப்போகிறேன் என்றார்.

தோற்றவன்!

இந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. தம்பி, தங்கச்சி, இதே வார்த்தையை உன் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். நீட் கைநழுவினதும் சொன்னாய். கடை படுத்ததும் சொன்னாய். அப்பாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று அந்த ராத்திரி நீ எடுத்த முடிவு சரியாக வரவில்லை என்று இன்னமும் சுவரில் தலையை மோதிக்கொண்டு சொல்கிறாய். அன்று உன் கையில் என்ன இருந்தது? என்ன தெரிந்தது? தெரிந்ததைச் செய்தாயா, இல்லையா? செய்தாய் என்றால், பிறகு வந்ததற்கெல்லாம் நீ எப்படி ஜவாப்தாரி? பத்துப் பேர் சேர்ந்து இழுத்த தேர் குடை சாய்ந்தால், ‘நிறுத்துங்கள், அச்சு முறிந்திருக்கிறது’ என்று கத்தினவனா குற்றவாளி?

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது, கவனித்தாயா? கேட்காதவர்கள் சுமக்க வேண்டிய மூட்டையைச் சொன்னவர் சுமந்தார். மனசாட்சி உள்ளவன் தோள்தான் எப்போதும் காலியாக இருக்கிறது போல, எல்லாப் பாரமும் அங்கேயே வந்து இறங்குகிறது. உன் வீட்டிலும் பார், பொறுப்பில்லாத அண்ணன் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவான், எல்லாம் செய்த நீதான் இன்னும் செய்திருக்கலாமோ என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாய். போதும். எழுந்திரு. வருந்துவதற்கு உனக்கு உரிமை உண்டு. ஏழு உயிருக்காக அழாத எப்லிங்கை எனக்கும் பிடித்திருக்காது. ஆனால் வருத்தத்தை எடுத்து உன் மேலேயே தீர்ப்பாக எழுதிக்கொள்ள உனக்கு உரிமை இல்லை.

எப்லிங்கே பாதி அதைக் கண்டுபிடித்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. அவர் ஊர் பிரிகம் சிட்டி. பக்கத்தில் பேர் (Bear) என்கிற ஆறு பெரிய உப்பு ஏரியில் கலக்கிற கழிமுகத்தில் ஒரு பறவைகள் சரணாலயம். வெள்ளை நாரைக்கூட்டம் போல ஆயிரக்கணக்கில் கூழைக்கடாக்கள் வரும், குளிர்காலம் நெருங்கும்போது வடக்கேயிருந்து அன்னங்கள் இறங்கும். 1983-இல் உப்பு ஏரி பெருகி வந்து கரையை விழுங்கியது. நல்ல தண்ணீரைத் தேக்கிவைத்த கரைகள், மதகுகள், கட்டடங்கள் எல்லாம் உப்புத் தண்ணீருக்குள் போயின. வெள்ளம் வடிந்த பிறகு அங்கே தன்னார்வலராகப் போய் நின்றார் எப்லிங். சம்பளம் கிடையாது. கரை கட்ட வேண்டும், உடைப்பு அடைக்க வேண்டும், இயந்திரம் பழுது பார்க்க வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேல் போய்க்கொண்டிருந்தார்.

நினைத்துப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஒரு மூட்டில் கசிந்த நெருப்பைத் தடுக்க முடியாமல் போன அதே கை, மீதி ஆயுளெல்லாம் ஏரிக்கரையில் கசிவு அடைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவர் அடைத்தால் அடைபட்டது. குறுக்கே தொப்பி மாற்றச் சொல்ல யாரும் இல்லை. தண்ணீர் நின்றது. பறவை வந்தது. 1990-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையால் விருதுகூடக் கொடுத்தார்கள். விருதை விடு. உள்ளே நொறுங்கிக் கிடக்கிற ஒருவன் விடிந்ததும் எழுந்து, பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி ஒரு மதகைச் சரிசெய்கிறானே, அதற்குப் பெயர் என்ன? மேடையில் கைகளை விரித்து ‘என்னால் முடியும்’ என்று மூன்று தடவை கத்துவதற்கு நாம் கொடுத்திருக்கிற பெயரை இதற்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்!

நீயும் உன் மதகைத் தேடு. மனசு சரியாகட்டும், அப்புறம் வேலைக்கு இறங்கலாம் என்று உட்கார்ந்திருக்காதே. எப்லிங்குக்கு மனசு சரியாகவே இல்லை. கரை மட்டும் வருஷா வருஷம் நீண்டது.

2016 ஜனவரி 28. விபத்து நடந்து சரியாக முப்பது வருஷம். அவர் பேட்டி வானொலியில் வந்தது. ‘தோற்றவன்’ என்ற அந்த வார்த்தையைக் கேட்டு நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது, படுக்கையில் இருந்தார். கடிதங்களை மகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். இன்ஜினியர்கள் எழுதியிருந்தார்கள், உங்கள் கதையைச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று. முகம் தெரியாத ஒருவர், கடவுள் தோற்றவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, பாப் எப்லிங்கைத்தான் தேர்ந்தெடுத்தார் என்று எழுதியிருந்தார்.

அதுவும் அவருக்குப் போதவில்லை. நாசாவிடமிருந்தும் கம்பெனியிடமிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லையே என்றார். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மெக்டொனால்டு போன் பண்ணி, தோற்றவன் என்றால் ஒன்றுமே செய்யாமலும் எதைப் பற்றியும் கவலைப்படாமலும் இருக்கிறவன், அது நீ இல்லை என்றார். அன்றிரவு தொப்பி மாற்றிக்கொண்ட ராபர்ட் லண்ட் போன் பண்ணினார். அந்தப் பரிந்துரை தன்னைத் திகைக்க வைக்கிறது என்று சொன்ன நாசா அதிகாரி ஜார்ஜ் ஹார்டி கடிதம் எழுதினார். நீங்களும் உங்கள் சகாக்களும் செய்யவேண்டியதையெல்லாம் செய்தீர்கள், முடிவு நாசாவிலும் தியோகாலிலும் பலர் சேர்ந்து எடுத்தது என்கிற பொருளில்.

கடைசியாக நாசாவின் தலைமையிடமிருந்து ஓர் அறிக்கை. சேலஞ்சர் வீரர்களை நாங்கள் நினைவுகூர்வது என்றால் விழிப்போடு இருப்பது, துணிந்து பேசுகிற எப்லிங் போன்றவர்களுக்குக் காது கொடுப்பது என்று அதில் இருந்தது. அதையும் வாசித்துக் காட்டினார்கள்.

சுமை முழுசாகப் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. குறைந்திருக்கிறது என்றார். அந்த நேர்மைக்காகவே அவர் காலைத் தொடலாம். அந்த மார்ச்சிலேயே அவர் போய்ச் சேர்ந்தார், நான்கு தலைமுறைக் குடும்பத்தை விட்டுவிட்டு.

ஆனால் அந்த நாசா அறிக்கையை வாசித்து முடித்தபோது, அந்தக் கிழவர் என்ன செய்தார் தெரியுமா? முப்பது வருஷம் முன்பு கார் டாஷ்போர்டை அடித்த அதே இரண்டு கைகளையும் ஒன்று சேர்த்துப் படபடவென்று தட்டினார். வெகுநேரம் தட்டினார். தட்டிக்கொண்டே ‘பிராவோ!’ என்று கத்தினார்.